பச்சை அடித்த இடமெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லில் கறை போடும் ஃப்ளோரைடு எங்கே எவ்வளவு என்று ஒரு கலர் வரைபடம் போட்டிருந்தீர்கள். போட்டதற்கு முதலில் நன்றி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல் கறை செய்தியாக வருவதே அபூர்வம், வந்தாலும் தேர்தல் நெருங்கும்போதுதான் வரும். ஆனால் அந்தப் படத்தால் என் கடையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இடம் இல்லை என்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், நடுவில் வரும் முக்கோணக் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள் என்பதால் அன்று காலை கடையில் நிற்க இடம் இருக்காது. உங்கள் படம் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை ஆறேழு பேர் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள், மனுவோடு சேர்த்து வைக்க ஒரு காப்பி வேண்டும் என்று. கலர் பிரிண்ட் பத்து ரூபாய், கறுப்பு வெள்ளை இரண்டு ரூபாய், ஆகவே எல்லாரும் கறுப்பு வெள்ளைதான் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்த முதல் ஆள், "என்னண்ணா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?" என்றார். உண்மைதான். நீங்கள் ஆபத்துக்குப் போட்ட சிவப்பும் நல்ல தண்ணீருக்குப் போட்ட பச்சையும் மெஷினுக்குள் போய் ஒரே சாம்பலாக வெளியே வந்திருந்தன, நடுவில் இருந்த மஞ்சள் மட்டும் வெளுத்துக் கிடந்தது. சிவப்பு பச்சை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் கலர்ப் பக்கத்தையே ஏறக்குறைய இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையனுக்கு முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு. அவர் கையில் இருந்தது ஒரிஜினல் பேப்பர், கலராகவே இருந்தது, அதில் அவர் ஊர் பச்சைக்குள் இருந்தது. "பச்சைன்னா நல்ல தண்ணின்னுதானே அர்த்தம் தம்பி? அப்ப இவன் பல்லு எதுக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் வீட்டு போர்த் தண்ணியை ஏற்கனவே சோதனைக்குக் கொடுத்து ரிப்போர்ட்டும் வைத்திருந்தார். லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. 2.4 வைத்திருப்பவர் பச்சைக்குள் நிற்கிறார். மனுவோடு உங்கள் படத்தை இணைத்தால் அவருக்கு எதிராக அவரே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதனால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "வட்டவாரியாகச் சராசரி" என்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அதாவது ஒரு தாலுக்கா முழுவதற்கும் ஒரு எண், ஒரு கலர். பென்னாகரம் தாலுக்காவில் எவ்வளவு காடு இருக்கிறது என்று உங்கள் நிருபருக்குத் தெரியாதா என்ன? யானை குடிக்கும் இடமும் சேர்த்து அதே கலர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, ஏனென்றால் பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் வேகிறது. எங்கள் பக்கத்து நிலத்துக்கு அது பொருந்தாது. இங்கே கீழே இருப்பது கெட்டிப் பாறை, நைஸ், சார்னோக்கைட் வகை, தண்ணீர் நிற்பது பாறை வெடிப்புகளில். ஃப்ளோரைடும் மேலே இருந்து யாரும் கொட்டியது இல்லை, பாறையில் இருக்கும் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரி தாதுக்களிலிருந்து தண்ணீரில் மெதுவாகக் கரைந்து வருவது. எந்த வெடிப்பில் எவ்வளவு நாள் தண்ணீர் தங்கியது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஒரே தெருவில் இரண்டு போர் இரண்டு விதமாக இருக்கும். இதில் தாலுக்காவுக்கு ஒரு பதம் பார்ப்பது எப்படி?

சரி, குறை சொல்வது சுலபம், நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன், படிப்பு ஜெராக்ஸ் கடையில் முடிந்தது என்றாலும் கை இன்னும் அரிக்கும். தெரிந்த வாத்தியார் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து எங்கள் சுற்று வட்டாரத்தில் 41 போர்களின் ஆய்வக ரிப்போர்ட்டைச் சேர்த்து வைத்திருந்தார், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று செல்போனில் குறித்தும் வைத்திருந்தார். படம் போட க்னூபிளாட் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். 1986-ல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் தொடங்கியது, இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடும், கல்லூரியில் எங்கள் சார் ஒருவர் சொல்லிக் கொடுத்தது. சொல்லப்போனால் உங்கள் படத்தைவிட மோசமான படங்களை நான் மூன்று நாளில் போட்டுத் தள்ளினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முதலில் செய்தது சோம்பேறி வேலை. சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் கொடுத்தால் அதுவே கட்டம் கட்டமாகப் பிரித்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் தூரத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பித் தரும் வசதி அதில் இருக்கிறது. ஒரே வரி கட்டளை. படம் கண்ணைப் பறித்தது, மேலிருந்து கீழே மேகம் மாதிரி கலர் கலந்து ஓடியது, டெலிவிஷனில் மழை செய்திக்குக் காட்டுவார்களே அப்படி. வீட்டில் காட்டினேன். என் மனைவி ஒரே பார்வையில், "பஞ்சப்பள்ளி டேமுக்குள்ள யாரு போர் போட்டது?" என்று கேட்டார். பஞ்சப்பள்ளியில் இருக்கும் சின்னாறு அணைத் தண்ணீருக்கு நடுவிலும் கலர், மலை மேலும் கலர், நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காத இடமெல்லாம் கலர். செவ்வகத்தில் ஒரு மூலை விடாமல் நிரப்பிவிட்டது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் ஆள் மாதிரி.

அடுத்து முக்கோணங்களுக்குப் போனேன். புள்ளிகளை ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்து வலை பின்னுவது. எந்த மூன்று புள்ளியை இணைப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது, போரிஸ் டெலோனே என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1934-ல் எழுதியது. மூன்று புள்ளி வழியாக வட்டம் போட்டால் அதற்குள் வேறு புள்ளி விழக்கூடாது, அவ்வளவுதான் விதி. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரியில் முடிந்துவிடும். 41 புள்ளிக்கு 70 முக்கோணம் வந்தது, ஓரத்தில் 10 புள்ளி இருந்ததால் (புள்ளிகளை இரட்டித்து அதில் 2-ஐயும் ஓரப் புள்ளிகளையும் கழித்தால் முக்கோண எண்ணிக்கை, இது வாத்தியார் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னது). மார்கழிக் கோலம் மாதிரிதான், புள்ளி வை, கோடு போடு, அப்புறம் கலர்ப்பொடி தூவு.

இந்தக் கலர்ப்பொடியில்தான் சறுக்கினேன். க்னூபிளாட்டின் புதிய பதிப்புகளில் எத்தனை மூலை இருந்தாலும் நேராக நிரப்ப வழி உண்டு, என்னுடையது பழசு. அதில் கலர் நிரப்பும் பிஎம்3டி என்ற வசதி நாலு மூலைக் கட்டத்தை மட்டும்தான் நிரப்பும். முக்கோணத்தை நிரப்ப வேண்டுமானால் ஒரு தந்திரம் செய்வார்கள், மூன்றாவது மூலையை இரண்டு தடவை எழுதி நாலு மூலை என்று அதை ஏமாற்றுவது. மென்பொருளுக்குக் கொடுக்கும் கோப்பில் முதல் இரண்டு புள்ளி, ஒரு காலி வரி, மூன்றாவது புள்ளி, மறுபடியும் அதே மூன்றாவது புள்ளி, அப்புறம் இரண்டு காலி வரி, அடுத்த முக்கோணம். 1.5-க்கு மேல் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை என்று வைத்துச் செய்தேன், அழகாக நிரப்பியது. நம் அக்காவின் போர் இருக்கும் முக்கோணம் சிவப்பாக வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம், பேப்பர்காரர்கள் சொல்லாததை நாம் சொல்லிவிட்டோம் என்று.

ஒரு சந்தேகத்தில் அந்த முக்கோணத்தைக் கையால் போட்டுப் பார்த்தேன். மூன்று போர், 0.6, 0.9, அக்காவுடையது 2.4. கூட்டினால் 3.9, மூன்றால் வகுத்தால் 1.3. 1.5-க்குக் கீழே. அப்புறம் எப்படிச் சிவப்பு வந்தது? மென்பொருள் நாலு மூலையின் சராசரியை எடுக்கிறது, நான் 2.4-ஐ இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், 6.3-ஐ நாலால் வகுத்தால் 1.575. சரி, வரிசையை மாற்றி 0.6-ஐ இரண்டு தடவை எழுதினால்? 1.125. 0.9-ஐ எழுதினால்? 1.2. அதே மூன்று போர், அதே தண்ணீர், நான் எந்த வரியைக் கடைசியில் டைப் அடித்தேன் என்பதை வைத்து ஒரு குடும்பம் சிவப்புக்கும் பச்சைக்கும் மாறுகிறது. இதைத் திருத்துவது கஷ்டமே இல்லை, சராசரியை முன்கூட்டியே நாமே கணக்குப் போட்டு நாலாவது பத்தியாக எல்லா வரியிலும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் அது அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் திருத்திய பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். கணக்குச் சரியாகிவிட்டது, 1.3 வந்தது, முக்கோணம் அபாயக் கலரிலிருந்து இறங்கிவிட்டது, அக்கா மறுபடியும் நல்ல தண்ணிக்குள் போய்விட்டார். தப்பாகப் போட்டபோது அவர் பக்கம் பேசிய படம், சரியாகப் போட்டதும் அவரைக் கைவிட்டுவிட்டது. அன்று ராத்திரி கடையை அடைக்காமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குடிப்பது 1.3 இல்லையே, 2.4 அல்லவா. 1.3 என்ற தண்ணீர் அந்த மூன்று போரில் எதிலும் கிடையாது. அதை நான்தான் தயாரித்தேன். தாலுக்கா சராசரியாகட்டும், முக்கோணச் சராசரியாகட்டும், கலர் நிரம்பிய இடம் எல்லாம் ஊகம், அளந்தது புள்ளியில் மட்டும்தான். உங்கள் படத்தில் புள்ளியே இல்லை. எத்தனை போரில் எடுத்தது என்ற எண்ணிக்கையும் இல்லை. ஒரு தாலுக்காவில் இரண்டு இடத்தில் எடுத்தார்களா இருநூறு இடத்தில் எடுத்தார்களா என்று படத்தைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மற்ற தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பக்க வடிவமைப்பாளருக்குப் பயன்படலாம். வலையின் ஓரத்தில் நீட்ட நீட்டமாக ஊசி போல் முக்கோணங்கள் வரும், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மூன்று போரை ஒன்றாகக் கட்டிப்போட்டு நடுவில் இருக்கும் ஊருக்கெல்லாம் கலர் அடிக்கும். ஒரு பக்கம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் அந்த முக்கோணத்தையே தூக்கிவிட்டேன், படத்தில் பாதி வெள்ளையாகிவிட்டது, இருக்கட்டும். முக்கோணங்களுக்கு நடுவே மெல்லிசான வெள்ளைக் கோடுகள் வந்தன. கடைக்கு வந்த ஒருவர் "இது எந்த ரோடு?" என்று விரலை வைத்துக் கேட்டார், ரோடு இல்லைங்க, பக்கத்துப் பக்கத்து வடிவங்களின் விளிம்பு முழுசாக ஒட்டாமல் பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கிறது. உள்ளே நிரப்பிய கலரிலேயே விளிம்புக்கும் கோடு போட்டால் மறைந்துவிடும்.

கலர் தேர்வு இன்னொரு கூத்து. க்னூபிளாட் தானாகப் போடும் வரிசை கறுப்பில் தொடங்கி நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஏறும். அதாவது அதிகமான இடம்தான் வெளிறிய மஞ்சள். அதை ஜெராக்ஸ் எடுத்தால் மோசமான ஊர் வெள்ளையாகவும் நல்ல ஊர் கரியாகவும் வரும், முழுக்கத் தலைகீழ். தண்ணீர் சோதிக்கும் கிட்டில் மஞ்சளுக்கு அர்த்தமே வேறு. பிள்ளைகள் பயன்படுத்திய கிட் சிர்கோனியம் சாயம் போடும் வகை, ஃப்ளோரைடு இல்லையென்றால் இளஞ்சிவப்பு, ஏற ஏற மஞ்சளாகும். அதில் மஞ்சள் என்றால் பயப்பட வேண்டும், உங்கள் படத்தில் மஞ்சள் என்றால் பரவாயில்லை ரகம். இரண்டையும் பார்த்த பிள்ளை எதை நம்பும்? இன்னொன்று, ஒரே ஒரு போர் மற்ற எல்லாவற்றையும்விட மூன்று மடங்கு காட்டியது, அது வரைக்கும் கலர் வரிசை தானாக நீண்டுகொண்டதால் 0.5-க்கும் 1.8-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. கடைசியில் வானவில்லை விட்டுவிட்டு ஒரே நீலத்தில் மூன்று படி வைத்தேன். 1 வரை வெளிர் நீலம், 1 முதல் 1.5 வரை நடு நீலம், அதற்கு மேல் கரு நீலம். ஜெராக்ஸில் அது வெளிர் சாம்பல், நடு சாம்பல், கறுப்பு என்று அப்படியே வருகிறது, இரண்டு ரூபாய்க் காப்பியிலும் மனு மனுவாகவே இருக்கிறது.

முக்கோணத்தையும் கடைசியில் விட்டுவிட்டேன். மழை அளவுக்கு 1911-ல் தீசன் என்பவர் சொன்ன முறை ஒன்று உண்டு, நிலத்தில் எந்த இடத்துக்கு எந்த மழைமானி கிட்டேயோ அந்த இடத்தை அந்த மானிக்கே எழுதி வைப்பது. அப்படி ஒவ்வொரு போரைச் சுற்றியும் அதற்குரிய பலகோணம், அதில் அந்தப் போரின் அளவே கலர், யாருடைய எண்ணும் யாரோடும் கலக்காது. அரை கிலோமீட்டருக்கு மேல் பரவாமல் வெட்டிவிட்டேன். நடுவில் கறுப்புப் புள்ளி, பக்கத்தில் எண். அக்காவின் 2.4 கருநீலமாகத் தனியாக நிற்கிறது, பக்கத்தில் 0.6 வெளிறிப்போய். இதுவும் முழு உண்மை இல்லை, பக்கத்து வீட்டு போர் எப்படியோ யாருக்குத் தெரியும். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் வீட்டுத் தண்ணீரை அளந்த எண்.

ஆகவே அடுத்த முறை போடும்போது, தயவுசெய்து எத்தனை போர் என்று போடுங்கள், புள்ளிகளை மறைக்காதீர்கள், எந்த மாதம் எடுத்தது என்பதையும் போடுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. போர்த் தண்ணியா குழாய்த் தண்ணியா என்பதையும் சொல்லுங்கள். ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பல ஊரில் குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது, அந்த ஊர்க்காரர்கள் உங்கள் சிவப்பைப் பார்த்து வீணாகப் பயப்பட வேண்டாம், ஆனால் அது வராத நாளில் போரைத் திறக்கும் தெருக்களும் இருக்கின்றன, எங்கள் தெருவே அப்படித்தான். கூடவே ஒரு வரி, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். எட்டு வயதுக்குள் நிலைப்பற்கள் உள்ளே உருவாகும்போதுதான் இந்தக் கறை விழுகிறது, அப்புறம் தேய்த்துப் போகாது. கடையில் ஐந்து பேரில் மூன்று பேர் "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்கிறார்கள்.

எதுவும் அளக்காத இடத்தை வெள்ளையாக விடுங்கள். பக்கம் வெறிச்சென்று இருக்கிறது என்று உங்கள் வடிவமைப்பாளர் சொல்வார், எனக்கும் கை பரபரத்தது. அஞ்செட்டிப் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு பெரிய வெள்ளை இருந்தால், அங்கே ஏன் அளக்கவில்லை என்று யாராவது மனு எழுதிக்கொண்டு வருவார்கள். பச்சை அடித்த இடத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்துடன் என் படத்தின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன், கலர் காப்பி வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அதில் எந்த போர் மோசம் என்று உங்கள் ஆபீஸில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தப்பு என் படத்தில்தான், ஒரு கார்டு போடுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்